லேயர் மாஸ்க் சொன்னபடி கேட்காதபோது: ஃபோட்டோஷாப்பா, ஜிம்ப்பா?

பழைய குடும்பப் படங்களைச் சீர்செய்யும் வேலைக்கு நான் இப்போது ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளைத்தான் வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் நெடுநாள் பழகிய பிறகு மாறினேன். காரணத்தைக் கேட்பவர்கள் விலை என்றே நினைக்கிறார்கள். அதில் பேச ஒன்றுமில்லை: ஜிம்ப் இலவசம், ஃபோட்டோஷாப் 2013 முதல் சந்தா. லேயர் என்பது படத்தின் மேல் போடும் ஓர் அடுக்கு; அதில் எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று தீர்மானிக்கும் திரைதான் லேயர் மாஸ்க். அது தகராறு செய்யும்போது, அதன் காரணத்தை எதில் சீக்கிரம் பிடிக்க முடிகிறது என்பதை வைத்தே நான் முடிவெடுத்தேன்.

அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். அதிகம் நேரும் கோளாறும் ஒன்றுதான்: மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்காமல், படத்தின் மீதே கருப்பைத் தீட்டிவிடுவது. இதைத் தவிர்க்க ஃபோட்டோஷாப் கோப்பின் பெயர் வரும் மேல்பட்டையிலேயே, லேயரின் பெயரை அடுத்து ‘லேயர் மாஸ்க்’ என்று எழுதிக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடு; ஆனால் வேலை மும்முரத்தில் கண் அந்த மூலைக்குப் போவதில்லை.

ஜிம்ப்பில் அடையாளம் படத்திலேயே இருக்கிறது. லேயரைச் சுற்றி ஓடும் மஞ்சள் புள்ளிக்கோடு, மாஸ்க்கில் வேலை செய்யும்போது பச்சையாக மாறிவிடும். லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறுபடத்துக்கும் விளிம்பு நிறம் உண்டு: மாஸ்க் அணைக்கப்பட்டிருந்தால் சிவப்பு, மாஸ்க்கையே திரையில் காட்டிக்கொண்டிருந்தால் பச்சை. இந்த நிறங்களைப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பில் கோளாறு ஒளிந்துகொள்ளும் இடங்கள் அதிகம். கருப்பால் தீட்டுகிறீர்கள், மறைய வேண்டிய பகுதி மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கிறது. பிரஷ்ஷின் ஒபாசிட்டியை, அதாவது தீட்டும் அழுத்தத்தை, பார்த்தால் நூறு. பிறகுதான் ப்ராபர்ட்டீஸ் பலகையில் மாஸ்க்கின் டென்சிட்டி, அதாவது மறைக்கும் அழுத்தம், குறைந்திருப்பது தெரிகிறது. பக்கத்திலேயே ஃபெதர் என்று ஒன்று. அது ஏறியிருந்தால் எவ்வளவு கூர்மையான பிரஷ்ஷை எடுத்தாலும் ஓரம் மழுங்கியே விழும். லேயருக்கு நிழல் கொடுத்திருந்தால் மாஸ்க் வெட்டிய ஓரத்திலும் நிழல் முளைக்கும். அதை நிறுத்தும் தேர்வுக்கட்டம் பிளெண்டிங் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது. வெளிச்ச அளவைப் பொறுத்து லேயரை மறைக்கும் ‘பிளெண்ட் இஃப்’ உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். இவற்றோடு கோட்டுருவால் வெட்டும் வெக்டர் மாஸ்க், கீழுள்ள லேயரின் வடிவுக்குள் மேல் லேயரை அடக்கும் கிளிப்பிங் மாஸ்க், லேயரையும் மாஸ்க்கையும் பிணைக்கும் சங்கிலிக்குறி.

இவை ஒவ்வொன்றும் தேவையுள்ள வசதிதான். டென்சிட்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றி இறக்கலாம், மாஸ்க் கெடாது. ஜிம்ப்பில் அப்படியொன்று இல்லாததால், மாஸ்க்கின் அழுத்தத்தைக் குறைக்க லெவல்ஸ் (கருப்பு, வெள்ளை அளவுகளை மாற்றும் கருவி) போட்டு மாஸ்க்கையே மாற்ற வேண்டியிருக்கிறது, அது இழப்புதான். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு கோப்பைத் திறக்கும்போதோ, வேறொருவர் செய்துவைத்த கோப்பு கைக்கு வரும்போதோ, ஏழெட்டு இடங்களைத் துழாவ வேண்டியிருப்பது எனக்குப் பெரிய சுமையாகப் படுகிறது. சீரமைப்பு வேலையில் இது அடிக்கடி நடக்கும். படத்தை வாங்கிப் போனவர் அடுத்த விசேஷத்துக்கு வந்து, பாட்டியின் தோளோரம் இன்னும் கொஞ்சம் தெளியவேண்டும் என்பார். அப்போது அந்த மாஸ்க் என்ன நிலையில் இருக்கிறது என்பது பார்த்தவுடன் புரிய வேண்டும்.

ஜிம்ப்புக்கே உரிய தொல்லை லேயரின் எல்லை. இங்கே ஒவ்வொரு லேயருக்கும் தனி அளவு உண்டு, மாஸ்க்கும் அதே அளவுதான். பூஞ்சை அரித்த கன்னத்துக்கு இன்னொரு பிரதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டியிருப்பீர்கள். மாஸ்க் போட்டுத் தீட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பிரஷ் நேர்கோடாக நின்றுவிடும். கோளாறு பிரஷ்ஷில் இல்லை, லேயர் அங்கே முடிந்துவிட்டது. லேயர் மெனுவில் லேயரைப் படத்தின் அளவுக்கு விரிக்கும் கட்டளையைக் கொடுத்தால் சரியாகும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், தீட்டும்போதே லேயர் தானாக விரியும் தேர்வும் பிரஷ்ஷுக்கு உண்டு. புதிதாக வருபவர்களை விரட்டுவது பெரும்பாலும் இந்த எல்லைதான் என்பது என் எண்ணம். ஆனால் இந்தக் கோளாறு மறைந்திருப்பதில்லை, புள்ளிக்கோடு எல்லையைக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

ஃபோட்டோஷாப்பிலிருந்து மாறுபவர்களுக்கு விரல் பழக்கமும் ஒரு பொறி. அங்கே கன்ட்ரோல்+டி (D) அடித்தால் தேர்வு, அதாவது வேலைக்காக வளைத்துக் குறித்த பகுதி, நீங்கும். ஜிம்ப்பில் அதே விசை படத்துக்கு முழுப் பிரதி ஒன்றைத் திறந்துவிடும், நீங்கள் பிரதியில் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருப்பீர்கள். அங்கே கன்ட்ரோலை அழுத்தி மாஸ்க்கைச் சொடுக்கினால் தேர்வு உருவாகும். இங்கே மாஸ்க் அணைந்துவிடும். எல்லாவற்றிலும் மோசமானது ஆங்கில ‘டி’க்குப் (D) பதில் ‘டீ’ (T): ஃபோட்டோஷாப்பில் உருமாற்றத்துக்கான கன்ட்ரோல்+டீ, ஜிம்ப்பில் தேர்வின் ஓடும் கோட்டை மட்டும் மறைக்கிறது. தேர்வு உயிரோடுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வெளியே பிரஷ் எதையும் தீட்டாது. மாஸ்க் காரணமில்லாமல் மறுத்தால் முதலில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அடித்துத் தேர்வை நீக்கிப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பிலும் இந்த வம்பு உண்டு. அங்கே கோட்டை மறைப்பது கன்ட்ரோல்+ஹெச்.

இரண்டிலும் ஒரே மாதிரி உதவும் சோதனை ஒன்று. கருப்பு என்று நம்பிய இடத்தில் வெளிறிய சாம்பல் தங்கி, அச்சில் பேய்த்தடம் போலத் தெரியும். குறைந்த ஒபாசிட்டியில் பலமுறை தடவியவர்களுக்கு இது கட்டாயம் நேரும். ஆல்ட்டை அழுத்தி மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் வரும். அதன்மீது லெவல்ஸ் திறந்து கருப்பு முனையைச் சற்று உள்ளே தள்ளினால் மிச்சங்கள் அடங்கிவிடும். சில லினக்ஸ் சூழல்களில் ஆல்ட் சொடுக்கைச் சாளர நிர்வாகி பிடித்துக்கொள்ளும். அங்கே மெனு வழியாகப் போங்கள்.

கூந்தல் இழைகளைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் ஃபோட்டோஷாப்பின் ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ தெளிவாகவே மேல். படத்தைத் தொடாமல் ஒளியையும் நிறத்தையும் மாற்ற, மாஸ்க்கோடு வரும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களும் அதற்கே உரியவை. தினமும் கல்யாண ஆல்பம் கட்டுபவரிடம் ஜிம்ப்புக்கு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் கருப்பு வெள்ளைப் படங்கள்தான் என் கையில் வருகின்றன. வண்ணப் படங்களில் நிற ஓரம் வழியும் சிக்கலைப் பற்றி என் தீர்ப்பை அதிகம் நம்பவேண்டாம். மேக் கணினியிலும் நான் ஜிம்ப்பை ஓட்டியதில்லை.

கோப்பு கைமாறும்போது மட்டும் கவனம் வேண்டும். ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பை ஃபோட்டோஷாப் திறக்காது. எதிர்த் திசையில் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை ஜிம்ப் திறக்கும், சாதாரண லேயர் மாஸ்க்குகளும் வந்துசேரும். கிளிப்பிங் மாஸ்க் நிறைந்த கோப்பென்றால் தோற்றம் மாறக்கூடும். அப்படிப்பட்ட கோப்பை யாராவது அனுப்பப்போவதாகச் சொன்னால், கிளிப்பிங்குகளை முதலில் சாதாரண மாஸ்க்குகளாக மாற்றி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.