விஸ்கோஸா, லையோசெல்லா: நனைத்தால் தெரியும்

பட்டுப்போல மினுங்கி, உடலோடு குழைந்து விழும் துணியில் இரண்டு குர்திகள் தைத்துக்கொண்டேன். ஒன்று விஸ்கோஸ், கடைகளில் ரேயான் என்பார்கள். மற்றது லையோசெல், டென்செல் என்ற வணிகப் பெயரிலும் கிடைக்கிறது. இரண்டும் மரக்கூழிலிருந்து வருபவை. வியர்வையை உறிஞ்சுவதில் பாலியஸ்டர் சாட்டின் இவற்றின் அருகில்கூட வராது. விஸ்கோஸ் மலிவு, பளபளப்பும் ஒரு படி கூடுதல்.

ஆனால் துவைக்கும் கல்லருகே என் மனம் லையோசெல் பக்கம் சாய்ந்துவிட்டது. நனைந்தவுடன் விஸ்கோஸ் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. மரக்கூழைக் காரத்தாலும் கார்பன் டைசல்ஃபைடாலும் பக்குவப்படுத்திக் கரைத்து, அமிலத்தில் மறுபடி இழையாக்கும்போது, மரக்கூழின் நார்ப்பொருளான செல்லுலோஸின் மூலக்கூறு சங்கிலிகள் குட்டையாகி, ஒழுங்கும் குறைந்துவிடுகின்றன. அந்த நெகிழ்வில் தண்ணீர் புகுந்து இழையை உப்பவைக்கிறது. என் குர்தி முதல் சலவையிலேயே இரண்டு விரற்கடை சுருங்கியது. அடுத்த முறை, பருத்தியைப் பிழியும் பழக்கத்தில் முறுக்கிப் பிழிந்தேன். அக்குள் தையலோரம் இழை விலகிவிட்டது. விஸ்கோஸ் வாங்குபவர்கள் துணியை நனைத்து உலர்த்திய பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள்.

லையோசெல்லில் கூழை ஒரே கரைப்பானில் நேரடியாகக் கரைத்து இழுக்கிறார்கள். சங்கிலிகள் நீளமாகவும் நெருக்கமாகவும் நிற்பதால், ஈரத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் வலிமை தங்குகிறது. ஒன்றரை வருடமாக வாரந்தோறும் துவைக்கிறேன், அளவு மாறவில்லை. ஒரு குறை உண்டு: ஈரத்தில் உரசினால் இழையின் மேற்பரப்பு பிரிந்து நுண்பஞ்சாக எழும். என் கருநீலக் குர்தியின் மடிப்போரங்கள் வெளுத்தாற்போல் தெரிகின்றன. உள்புறத்தை வெளியே திருப்பி, பிரஷ் போடாமல் துவைப்பதே வழி. ஒரே ஒரு குர்தியை வைத்துச் சொல்கிறேன். நெசவுக்கு நெசவு இது மாறலாம்.

லையோசெல்லுக்கு, மீட்டருக்கு விஸ்கோஸைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தேன். அதில் வருத்தமில்லை. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றைக் கெடுத்ததைக் கோவைப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. லையோசெல் ஆலைகளோ கரைப்பானை 99 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகின்றன. மரம் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொது.

விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் துப்பட்டாவுக்கு இன்றும் விஸ்கோஸ்தான் வாங்குவேன். அதை வருடத்துக்கு இரண்டு முறை நனைத்தாலே அதிகம்.