டிஎன்ஏவைக் கண்டறிய வெள்ளியா, தங்கமா?

செர்ஸ் முறையில், அதாவது உலோகப் பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் சிதறலைக் கொண்டு டிஎன்ஏவைக் கண்டறிய இறங்கும் எவரும் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: நானோ துகளை வெள்ளியில் செய்வதா, தங்கத்தில் செய்வதா? நான் வெள்ளியில் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் தங்கத்துக்கு மாறியவன். அதனால் இந்த அலசல் தங்கத்தின் பக்கம்தான் சாயும்.

அடிப்படை விஷயம் இவ்வளவுதான். சாதாரண ராமன் சிதறல் ரொம்ப மங்கல். விழும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுதான் ஆற்றல் மாறித் திரும்பும். 1974இல் ஃபிளைஷ்மான், ஹெண்ட்ரா, மெக்குவிலன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடின் என்ற கரிமச் சேர்மத்திடமிருந்து வலுவான ராமன் சமிக்ஞையைப் பதிவு செய்தார்கள். லேசர் ஒளிக்கு உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒத்திசைந்து ஆடும்போது, துகள்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கில் மின்புலம் பெருகுகிறது. பெரும்பாலான சமிக்ஞை அந்த இடுக்கில் சிக்கிய மூலக்கூறுகளிடமிருந்துதான் வரும்.

பிரகாசத்தில் வெள்ளிதான் மேல், அதில் சண்டையே இல்லை. 532 நானோமீட்டர் பச்சை லேசரிலும் நன்றாக வேலை செய்யும். தங்கமோ பச்சை ஒளியில் கணிசமான பங்கைத் தானே விழுங்கிவிடும். அதற்கு 633 அல்லது 785 வேண்டும். லீயும் மைசலும் 1982இல் சொன்ன முறைப்படி சில்வர் நைட்ரேட்டை சிட்ரேட்டோடு கொதிக்கவிட்டால் கூழ்மம், அதாவது வெள்ளித் துகள்கள் மிதக்கும் திரவம், தயார். சாயம் எதுவும் ஒட்டாத வெறும் டிஎன்ஏவின் நிறமாலைதான் வேண்டும் என்றால் இன்றும் வெள்ளியைத்தான் சொல்வேன். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினினின் முகடு 730 செ.மீ⁻¹ (ஒளியின் ஆற்றல் எவ்வளவு மாறியது என்பதன் அளவு) பக்கம் பளிச்சென்று எழும். டிஎன்ஏவின் பாஸ்பேட் முதுகெலும்பும் சிட்ரேட் போர்த்திய துகளும் எதிர்மின் சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அதைச் சமாளிக்க ஸ்பெர்மின் போல நேர்மின் சுமையுள்ள ஒன்றை நடுவில் சேர்க்க வேண்டும்.

ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குத் தேவை அழகான நிறமாலை இல்லை. இந்த சாம்பிளில் குறிப்பிட்ட வரிசை இருக்கிறதா, இல்லையா என்ற பதில்தான் தேவை. அந்தப் பதில் இன்றைக்கும் மூன்று வாரம் கழித்தும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் மாறியதற்கு முழுக் காரணமும் இதுதான்.

வெள்ளியில் ஒரே நாளில், ஒரே செய்முறையில் செய்த இரண்டு பேட்ச்களே எனக்கு ஒத்துப்போகவில்லை. துகள்களின் அளவும் வடிவமும் பரவலாக இருந்தன. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியை மெல்லக் கறுக்கவைக்கும். பாத்திரம் கறுப்பது போலத்தான், ஆனால் நானோ அளவில் அந்த மெல்லிய படலமே வேலையைக் கெடுக்கப் போதும். லேசர் சக்தியைக் கொஞ்சம் கூட்டினால் கரிமப் பொருள் கருகி, 1,350க்கும் 1,580 செ.மீ⁻¹க்கும் அருகே அகலமான மேடுகள் வந்து உண்மையான முகடுகளை மூடிவிடும்.

இதைவிடப் பெரிய தலைவலி உப்பு. துகளில் ஒட்டிய நம் இழையும் சாம்பிளில் உள்ள இலக்கு இழையும் இணைய வேண்டுமானால் அவை இருக்கும் கரைசலில் உப்பு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் எதிர்மின் சுமைகள் சேரவிடாது. அதே உப்பு கூழ்மத்தைத் திரள வைக்கும். திரண்டால் முன்பு சொன்ன மின்புலம் பெருகும் இடுக்குகள் (ஹாட் ஸ்பாட்) உருவாகும், சமிக்ஞை எழும், இலக்கு வரிசையே இல்லாத கன்ட்ரோல் குழாயிலும்! அந்தப் பொய்யான 'இருக்கிறது' என்னைப் பல நாள் அலையவிட்டது.

தங்கம் இங்கேதான் காப்பாற்றுகிறது. தயோல் என்ற கந்தக நுனி கொண்ட டிஎன்ஏ தங்கத்தின் மேல் இறுகப் பிடிக்கும். அப்புறம் உப்பைச் சிறிது சிறிதாக, மணிக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போனால் துகளைச் சுற்றி அடர்த்தியான டிஎன்ஏ போர்வை உருவாகி, 0.3 மோலார் சோடியம் குளோரைடிலும் கூழ்மம் தாக்குப்பிடிக்கும். கெட்டுப்போனால் கண்ணாலேயே தெரிந்துவிடும்: மாணிக்கச் சிவப்பு ஊதாவாக மாறும். லேசரை ஆன் செய்யும் முன்பே அந்தக் குழாயைத் தள்ளிவைத்துவிடலாம். டிஎன்ஏவால் இணைந்த தங்கத் துகள்கள் மிகக் குறுகிய வெப்பநிலை வீச்சுக்குள் பிரிந்துவிடுவது இன்னொரு லாபம். ஒரே ஒரு காரம் (டிஎன்ஏவின் ஓர் எழுத்து) மாறிய வரிசையைக்கூட, சரியான வெப்பநிலையில் கழுவினால் பிரித்துவிடலாம். சும்மா நீட்டிச் சொல்லவில்லை, என் வேலையின் பாதி இந்தக் கழுவலில்தான் இருக்கிறது.

சிலிக்கான் மேல் ஒழுங்கான வரிசையில் தூண்கள் செதுக்கிய சிப்களும் இருக்கின்றன. சில நாள்கள்தான் கையாண்டேன், அதனால் என் கருத்துக்குப் பெரிய எடை தர வேண்டாம். புள்ளிக்குப் புள்ளி சமிக்ஞை சீராக இருந்தது, விலைதான் மலைக்கவைத்தது. நீளமான இழைகளை அவற்றில் நான் சோதித்ததில்லை.

சரி, தங்கத்தின் சமிக்ஞை போதாவிட்டால்? 2002இல் வேதியியலாளர் சாட் மிர்கினின் குழு செய்த வழி எனக்குப் பிடித்தது: பிணைப்பையெல்லாம் ராமன் சாயம் (வலுவான ராமன் சமிக்ஞை தரும் அடையாளச் சாயம்) ஏற்றிய தங்கத் துகளில், கண்ணாடி ஸ்லைடின் மேல் முடித்துவிட்டு, கடைசியில் அதன் மேல் வெள்ளியைப் படியவைப்பது. 20 ஃபெம்டோமோலார் என்ற மிக நுண்ணிய செறிவு வரை அவர்களால் கண்டறிய முடிந்தது. நானும் இப்போது இதைத்தான் செய்கிறேன். வெள்ளி சில நிமிடங்கள் மட்டும் இருந்தால் போதும் என்பதால் கறுப்பதற்கும் திரள்வதற்கும் நேரமில்லை. ஆனால் நிறுத்தக் கடிகாரம் கட்டாயம் வேண்டும். அதிக நேரம் விட்டால் தங்கமே இல்லாத வெறும் கண்ணாடியிலும் வெள்ளி தானாக முளைக்கத் தொடங்கும். கன்ட்ரோல் ஸ்லைடையும் அதே நொடியில் வெளியே எடுத்து, இரண்டையும் ஒரே தண்ணீரில் அலசுகிறேன்.