நாய், பூனை எடை குறைய எது முதலில்: நடையா, அளவா, உணவு மாற்றமா?

செல்லப்பிராணி குண்டாகிவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் நடைப்பயிற்சியைத்தான் கூட்டுகிறார்கள். கிண்ணத்தில் கைவைக்க மனம் வருவதில்லை. அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை.

ஒரு கிலோமீட்டர் நடக்கும் நாய், தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரியைச் செலவழிக்கிறது. அப்படியானால் 40 கலோரி பிஸ்கட் ஒன்றை ஈடுகட்ட, 10 கிலோ நாய் 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தசை கரையாமல் இருக்கவும் மூட்டு இறுகாமல் இருக்கவும் நடை அவசியம்தான். அதை மட்டும் நம்பினால் எடை இறங்காது. ரொம்பப் பருத்த நாயை ஓடவிட்டால் மூட்டுக்குத்தான் கேடு.

போடுகிற உணவையே அளந்து குறைப்பது இரண்டாவது வழி. லேசாக எடை கூடிய பிராணிக்கு என் தேர்வு இதுதான். லாப்ரடார் நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. 48 நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக, அதே உணவை வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக ஏறத்தாழ 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. நம் கையில் இருக்கிற கிண்ணம் அந்த இரண்டு வருடத்தைத் தரும் என்றால், அளக்காமல் கொட்டுவதற்கு என்ன நியாயம்?

அளப்பதென்றால் கப்பில் இல்லை, கிராம் தராசில். 4 கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு, எடை குறைக்கும் காலத்தில் நாளுக்கு 160 கலோரி அளவில்தான் தேவை. கிராமுக்கு 4 கலோரி உள்ள ட்ரை ஃபுட் என்றால் வெறும் 40 கிராம். கை தவறி 10 கிராம் கூடினால் கால்பங்கு அதிகம். வெட் ஃபுட்டில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால் அதே கலோரிக்கு நிறையச் சாப்பிடலாம். பூனைகளுக்கு அது நல்ல மாற்று.

சரி, எடைக் குறைப்பு உணவு எப்போது? விலா எலும்பு கைக்கே தட்டுப்படாத நிலையில். அங்கே சாதாரண உணவை வெகுவாகக் குறைத்தால் புரதமும் வைட்டமின்களும் சேர்ந்தே குறைந்துவிடும். மருத்துவர் எழுதித் தரும் உணவில் கலோரி குறைவு, புரதமும் நார்ச்சத்தும் அதிகம். விலை கூடுதல்தான். ஆனாலும் எந்நேரமும் பசிக்கிற நாய்க்கு அதுதான் கருணை. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பது 2016-இல் தெரியவந்தது. அவை கெஞ்சுவது பழக்கத்தால் மட்டும் இல்லை. தைராய்டு குறைபாடு உண்டா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

எந்த வழியானாலும் பூனையைப் பட்டினி போடக் கூடாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் இறங்கினால் போதும்.

அப்புறம், ட்ரீட். நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வீட்டில் நான்கு பேர் தனித்தனியாகக் கொடுத்தால் எந்தத் தராசும் உதவாது. அன்றைய பங்கைக் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்து, எல்லோரும் அதிலிருந்தே எடுத்துக் கொடுக்கட்டும்.