“இன்று காலை பொரித்தவை” என்ற சொல்லை நம்பி அடைக்கோழியிடம் குஞ்சு விடாதீர்கள்

அடையில் படுத்திருக்கும் கோழிக்கு வெளியிலிருந்து குஞ்சு வாங்கி விட நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இன்று காலை பொரித்தவை என்று உறுதி சொல்லி எனக்கு விற்கப்பட்ட 10 குஞ்சுகளில் 4 குஞ்சுகள் ஒரு நாள் முடிவதற்குள் இறந்துவிட்டன. அவை நோயால் இறக்கவில்லை. அவற்றின் வயதை விற்றவர் மறைத்தார். அதோடு, சேர்க்கக் கூடாத வயதில் இருந்த அந்தக் குஞ்சுகளைச் சேர்க்கக் கூடாத நேரத்தில் கோழியிடம் விடும்படியும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

என் சாம்பல் நிறப் பெட்டை அடைக்குப் படுத்து அன்றைக்கு 18 ஆம் நாள். முட்டைகளை இருட்டறையில் விளக்கின் முன் பிடித்துப் பார்த்ததில், அத்தனையும் கூமுட்டை என்று 10 ஆம் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் கோழிக்கு அது தெரியாது. நாளுக்கு ஒரு முறை எழுந்து, அவசரமாக இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சமொன்றைப் போட்டுவிட்டு, கால் மணி நேரத்துக்குள் ஓடி வந்து அமர்ந்துவிடும். கையை அருகில் கொண்டுபோனால் உடலைத் தட்டையாக விரித்து, கழுத்து இறகு சிலிர்க்க உறுமும். அடிவயிற்றில் தூவி உதிர்ந்து, தோல் தொட்டால் சுடும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு உறுதியாகப் படுத்த கோழியைக் கூமுட்டை மேல் வீணே மெலிய விடுவது பாவம் என்று தோன்றியதால்தான் குஞ்சு தேடினேன்.

விற்றவரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்டேன்: குஞ்சுகளின் வயது என்ன, இதுவரை விளக்குச் சூட்டில் வைத்திருந்தார்களா, கோழியிடம் எப்போது விட வேண்டும். அன்று காலை பொரித்தவை, இன்னும் இரை தொடவில்லை, கொண்டுபோனதும் பகலிலேயே கோழியின் முன்னால் விட்டால் அதுவாகக் கூப்பிட்டு அணைத்துக்கொள்ளும் என்று அவர் பதில் சொன்னார். இரவில் விடுவதுதான் நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறேனே என்று நான் தயங்கியபோது, “கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்று பழமொழியைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். அந்தப் பழமொழி தாய்க்கும் அது பொரித்த குஞ்சுக்கும் உரியது என்பதை அப்போது எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

நண்பகலில் குஞ்சுகளைப் பெட்டியோடு கூட்டின் அருகே கொண்டுபோய், ஒவ்வொன்றாக எடுத்துக் கோழியின் முன்னால் விட்டேன். கோழி முதலில் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அடித்தொண்டையில் மெல்ல ஒலி எழுப்பியது. குஞ்சுகளோ அந்த ஒலியைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கோழி இறக்கையைச் சற்று அகற்றியதும் அவை கீச்சிட்டுக்கொண்டு நாலா பக்கமும் சிதறி ஓடின. ஒரு குஞ்சு மட்டும் கோழியின் முகத்துக்கு நேரே ஓடி, அதன் கண்ணோரத்தைக் கொத்தப் போனது. அடுத்த நொடியே கோழி அதன் உச்சந்தலையில் இரண்டு முறை கொத்தியது. நான் கையில் எடுத்தபோது மஞ்சள் தூவி பிய்ந்து, மிளகளவு தோல் திறந்து, அடியில் ஈரச் சிவப்பாகத் தெரிந்தது. உள்ளங்கையில் வைத்துச் சூடு கொடுத்தும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்டியும், மாலைக்குள் அது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

உடனே விற்றவரை அழைத்தேன். முதல் நாள் அப்படித்தான் இருக்கும், பிரிக்காதீர்கள், பொழுது சாய்ந்தால் எல்லாம் தாமாகவே இறக்கைக்குள் போய்விடும் என்றார். அதையும் நம்பினேன். இருட்டும் வேளையில் கோழியும் அமைதியாகத்தான் இருந்தது, கொத்தவில்லை, உறுமவில்லை. காலையில் பார்த்தால் கூண்டின் மூலையில் மூன்று குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்துக் கிடந்தன. மற்ற ஆறும் அவற்றை ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு சாண் தொலைவில் சூடான அடிவயிற்றோடு கோழி படுத்திருந்தது. இறந்த மூன்றின் உடம்பிலும் ஒரு கொத்துக்காயம்கூட இல்லை. குளிரில்தான் இறந்திருக்கின்றன. கோழி விரட்டியதால் அல்ல, கோழியின் அடியில் போக வேண்டும் என்பதே அவற்றுக்குத் தெரியாததால் இறந்தன.

அப்போதுதான் இறந்த குஞ்சு ஒன்றை எடுத்து, பெட்டி கைக்கு வந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். இறக்கையை விரித்துப் பார்த்தேன். பொரித்த அன்று குஞ்சின் இறக்கை ஓரத்தில் ஊசி முனை போன்ற இறகுக் குருத்துகள் மட்டுமே இருக்கும்.  என் கையில் இருந்த குஞ்சுக்கோ இறகுகள் விரிந்து, மடித்த இறக்கை முதுகின் பின்பாதியை மூடியிருந்தது. வாலடியிலும் குருத்து அரும்பத் தொடங்கியிருந்தது. அலகு நுனியில் ஓட்டை உடைக்க உதவும் வெள்ளைப் புள்ளி உதிர்ந்துபோய் வழவழவென்று இருந்தது. தொப்புள் இருந்த இடமே தெரியவில்லை. குஞ்சு வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன்; அடியில் தீவனம் தின்று போட்ட கெட்டி எச்சம் நிறையக் கிடந்தது. இரையே தொடாத ஒரு நாள் குஞ்சு இத்தனை எச்சம் போடாது. இறகு முளைக்கும் வேகம் இனத்துக்கு இனம் சற்று மாறும் என்றாலும், இந்த அடையாளங்கள் எல்லாம் ஒன்றுகூடிய பிறகு ஐயத்துக்கு இடமே இல்லை. ஏறத்தாழ ஒரு வாரம் விளக்கின் கீழ் வளர்ந்த குஞ்சுகளைத்தான் அவர் அன்று காலை பொரித்தவை என்று எனக்குக் கொடுத்திருக்கிறார்.

இதைச் சொன்னதும் அவர் பேச்சு மூன்று முறை மாறியது. முதலில் மறுத்தார். இறக்கையைப் படம் எடுத்து அனுப்பியதும், வேறு தட்டிலிருந்து ஆள் மாற்றி எடுத்திருக்கலாம் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், ஐந்தாறு நாள் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது, உங்கள் கோழிதான் கொலைகாரக் கோழி, அதை அடையிலிருந்து எழுப்பிவிடுங்கள் என்றார்.

அந்த ஐந்தாறு நாளில்தான் எல்லாமே இருக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். பொரித்த குஞ்சு முதல் ஓரிரு நாளில் தன் அருகே அசைவதையும் ஒலிப்பதையும் சூடு தருவதையும் தாய் என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்தக் கதவு மெல்ல மூடி, அறிமுகமில்லாத பெரிய உருவம் எதைக் கண்டாலும் அஞ்சும் இயல்பு தலையெடுக்கிறது. டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873 ஆம் ஆண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். முட்டையை விட்டு வந்தவுடனே கண்ணை மூடி முகமூடி போட்டு வளர்த்த குஞ்சுகளை ஏறத்தாழ நான்காம் நாளில் அவர் திறந்துவிட்டபோது, அவை அவரைக் கண்டு வெருண்டு ஓடின. அதற்கு முந்தைய நாள் திறந்திருந்தால் அவரை நோக்கி ஓடி வந்திருக்கும் என்று அவர் குறித்திருக்கிறார். பின்னாளில் ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் வாத்துக் குஞ்சுகளிடம் கண்டு புகழ்பெறச் செய்ததும் இதே பதிவைத்தான். என் கூண்டில் இருந்த குஞ்சுகள் விளக்கைத் தாயாகப் பதித்துக்கொண்டவை. அவற்றுக்குச் சூடு என்றால் மேலிருந்து வரும் வெளிச்சம். இருட்டில் ஓர் இறக்கைக்கு அடியில் சூடு இருக்கும் என்று அவை எப்படி அறியும்? இறகு முழுதாக மூடும் வரை குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் அதற்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூடு இரண்டு சாணில் இருந்தும் அதைத் தேடிப் போகத் தெரியாமல் மூன்று உயிர்கள் போயின.

கோழியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அடைக்கோழியின் உடலில் புரோலாக்டின் என்ற சுரப்பு மிகுந்திருக்கும். அதுதான் அதை முட்டை மேல் உட்கார வைக்கிறது. தன் அடியிலிருந்து கீச்சொலி கேட்டு, தன் தோலில் அசைவு பட்டால்தான் அது முட்டை காப்பதிலிருந்து குஞ்சு காப்பதற்கு மாறுகிறது. பட்டப்பகலில், முகத்துக்கு எதிரே, எங்கிருந்தோ வந்து ஓடும் குஞ்சு அதற்குக் கூட்டைத் தாக்க வந்த அயல் உயிராகத்தான் தெரியும். அதைக் கொலைகாரக் கோழி என்று ஒருவர் சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோழியின் மேல் குற்றமில்லை என்பதை மூன்றே நாளில் கண்ணால் கண்டேன். எஞ்சிய ஆறு குஞ்சுகளையும் தனிப் பெட்டியில் விளக்கின் கீழ் மாற்றிவிட்டதும், கோழி மறுபடியும் கூமுட்டைகள் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. 21 ஆம் நாள், பொரிப்பானின் தட்டில் ஓடு கிடக்கும்போதே நேரில் காட்டி, ஈரம் உலர்ந்ததும் எடுத்துக் கொடுத்த வேறொருவரிடம் ஐந்து குஞ்சுகள் வாங்கினேன். நன்றாக இருட்டிய பிறகு, கை விளக்கைத் துணியால் மூடி மங்கலாக்கிக்கொண்டு, ஒரு கையால் ஒரு முட்டையை உருவி எடுப்பதும், மறு கையில் பொதிந்த குஞ்சை அதே இடத்தில் பின்புறமாக அடியில் செருகுவதுமாக ஐந்தையும் விட்டேன். குஞ்சின் உடல் குளிர்ந்திருக்கக் கூடாது என்பதால் கடைசி நிமிடம் வரை விளக்கடியில் வைத்திருந்தேன். கோழி ஒரு முறை உறுமியது; பிறகு உடலை லேசாகத் தூக்கி, ஒரு பக்கம் நகர்ந்து, மறுபடி அமர்ந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கூச்சல் போன்ற கீச்சொலி நின்று, தூக்கத்துக்கு முன் எழும் மெல்லிய சலசலப்புக் கேட்டது. விடியுமுன் போய் உட்கார்ந்துகொண்டேன், ஏனென்றால் முதல் வெளிச்சத்தில் கோழி குஞ்சைக் கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். அதற்காகச் சூடேற்றிய பெட்டியும் தயாராக இருந்தது. அதற்குத் தேவையே வரவில்லை. கோழி ஒரு துணுக்குத் தீவனத்தை அலகால் எடுத்துக் கீழே போட்டு, வேகமாகக் கொக்கொக்கென்று அழைத்தது. ஐந்தும் இறக்கை இடுக்கிலிருந்து தலை நீட்டி ஓடி வந்தன.

ஆகவே குஞ்சு வாங்கப் போகும் இடத்திலேயே இறக்கையை விரித்துப் பாருங்கள். விற்பவர் தடுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். பிறந்த குஞ்சின் வயிற்றில் உள்ள மஞ்சள் கரு அதை 2 முதல் 3 நாள் வரை தாங்கும் என்பதால் பயணம் பெரிய தடையல்ல. ஒன்றிரண்டு நாள் குஞ்சாக இருந்தால் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு மிகுதி. மூன்றாம் நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் வாய்ப்பு குறையும். விளக்கடியில் ஒரு வாரம் வளர்ந்ததை விளக்கடியிலேயே வளர்த்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை. கோழியும் இரண்டு வாரத்துக்கு மேல் உறுதியாகப் படுத்ததாக இருக்கட்டும். விடுவதற்கு முன் அதன் இறக்கை அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன், செள் இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிட வேண்டும். குஞ்சு பொரித்த பின் கோழிக்கும் குஞ்சுத் தீவனத்தையே வைக்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது என்று சொல்லி, அந்தப் பத்துக் குஞ்சுகளை விற்றவர் என்னிடம் கூடுதல் தொகை வாங்கினார். எந்த ஊசி, எந்த நாளில், எந்தத் தொகுதி மருந்து என்று பிறகு கேட்டபோது ஒரு சொல்கூட வரவில்லை. கோழிகளைத் தாக்கும் மாரெக் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி பொரித்த நாளிலேயே, அல்லது முட்டைக்குள் இருக்கும்போதே போடப்படுவது. போட்டாலும் பலன் தர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்த நோய்க்கிருமி வளர்ந்த கோழிகளின் இறகுத் துகளோடு பரவுவதால், அடைக்கோழியிடம் விடப்போகும் குஞ்சுக்கு ஊசி போட்டார்களா இல்லையா என்பது மற்றவர்களைவிட நமக்கு முக்கியம். எழுத்தில் தராத தடுப்பூசிக்குத் தனிப் பணம் கொடுக்காதீர்கள்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இறக்கைப் படம், பெட்டியின் அடிப்புறப் படம், பேசிய நாள் நேரம், கோழி ஐந்து குஞ்சுகளையும் அணைத்திருக்கும் காணொளி ஆகிய நான்கையும் அவருக்கு அனுப்பி, இறந்த நான்குக்கும் தடுப்பூசிக்கும் உரிய தொகையை மட்டும் திருப்பிக் கேட்டேன். அவர் அவற்றைப் பார்த்துவிட்டார் என்பது தெரிகிறது; பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இன்று காலை பொரித்தவை என்ற அறிவிப்பு மட்டும் அதே சொற்களோடு நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது.