இரட்டை மாத்திரையா, ஒற்றை மாத்திரையா?

கோட்ரைமாக்சசோல் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து என்றால் பலருக்குத் தெரியாது. செப்ட்ரான், பாக்ட்ரிம் என்றால் தெரியும். உள்ளே இரண்டு மருந்துகள்: சல்ஃபாமெதாக்சசோல் (சுருக்கமாக, சல்ஃபா) 5 பங்கு, டிரைமெத்தோபிரிம் 1 பங்கு. இந்த டிரைமெத்தோபிரிமைத் தனியாகவும் கொடுக்கலாம். பிரிட்டனில் சிறுநீர்த்தொற்றுக்கு அப்படிக் கொடுக்கும் வழக்கம் உண்டு.

செல்கள் பெருகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமின் நமக்குக் கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் தாமே சமைத்தாக வேண்டும். அந்தச் சமையலின் மூலப்பொருள் பாரா-அமினோபென்சோயிக் அமிலம். சல்ஃபா அதைப் போல வேடமிட்டுப் போய் நொதியில் உட்கார்ந்துகொள்கிறது. டிரைமெத்தோபிரிம் அதற்குப் பிந்தைய படியில், டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியை முடக்குகிறது. அந்த நொதி நம்மிடமும் உண்டு. ஆனால் மருந்து பாக்டீரியாவின் நொதியைப் பிடிப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு தளர்வாகத்தான் நம்முடையதைப் பிடிக்கிறது.

தனித்தனியே வளர்ச்சியை மட்டும் நிறுத்தும் இரண்டும் சேர்ந்தால் கிருமியைக் கொல்லும். 1968-இல் கூட்டு மாத்திரை வந்ததற்கு இதுதான் நியாயம். சரி, சிறுநீர்ப்பையில் அந்தக் கூட்டு தேவையா? டிரைமெத்தோபிரிம் சிறுநீரில் ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவாகச் சேர்கிறது. கிருமி அதற்குப் பணியும் வகை என்றால் அது ஒன்றே போதும். சல்ஃபா குடும்ப மருந்துகளோ 1930-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளன, கிருமிகளிடம் எதிர்ப்புத்திறன் எப்போதோ பரவிவிட்டது. பலன் குறைவு, வம்பு அதிகம்: தோல் தடிப்பு, அபூர்வமாக, தோல் உரிந்து உயிரையே பறிக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுச் சிதைவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். 1995-இல் பிரிட்டன் இந்தக் கூட்டு மருந்தின் பயன்பாட்டைக் குறுக்கியது. எளிய சிறுநீர்த்தொற்றுக்கு என் ஓட்டு ஒற்றைக்கே.

அதற்காக ஒற்றை மாத்திரை அப்பாவி இல்லை. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுவது சல்ஃபா அல்ல, டிரைமெத்தோபிரிம்தான். பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ரத்த அழுத்த, இதய மருந்துகளான எனலாப்ரிலோ ஸ்பைரோனோலாக்டோனோ சாப்பிடும் முதியவருக்கு இரண்டில் எதைக் கொடுத்தாலும் கவனம் வேண்டும். சிறுநீரகத்தின் நலத்தைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் ரத்தத்தில் சற்று ஏறும். அது பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டதால் அல்ல, அதை வெளியேற்றும் வழியை மருந்து மறிப்பதால். ஃபோலேட்டைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மீத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் இரண்டையுமே தவிர்க்க வேண்டும், ஃபோலேட் அடி இரட்டிப்பாகிவிடும்.

அப்புறம், நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. எச்ஐவியால் சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை 200-க்குக் கீழே போனவர்களைத் தாக்கும் இந்த நுரையீரல் நோய்க்குக் காரணம் பாக்டீரியா அல்ல, ஒரு பூஞ்சை. அதன் ரிடக்டேஸ் நொதியை டிரைமெத்தோபிரிமால் பெரிதாக அசைக்க முடிவதில்லை. அங்கே பெரும்பகுதி வேலையைச் செய்வது, சிறுநீர்ப்பையில் நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சல்ஃபாதான்.