நிர்மா பாட்டா, சர்ஃப் எக்செல் சேறா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இந்த இரண்டு சலவைத்தூள் விளம்பரங்களும் ஓடியிருக்கின்றன. மனத்தைத் தொடுவதில் என் ஓட்டு சேற்றுக்கே.

நிர்மாவுக்கு ஒரு பாட்டும், வெள்ளைக் கவுனில் சுழலும் சிறுமியும் போதும். அம்மா இன்றும் அதை முணுமுணுக்கிறார். கடையில் பெயர் தானாக வாயில் வருகிறது. ஆனால் யாரும் கண் கலங்கியதில்லை.

சர்ஃப் எக்செல் விளம்பரத்தில் தங்கை சேற்றில் விழுகிறாள். அண்ணன் அந்தச் சேற்றையே குத்துகிறான். அது மன்னிப்புக் கேட்டுவிட்டதாக அவளிடம் சொல்கிறான். (வியாசர்பாடியின் மழைக்காலச் சேறு என்றால் ஒரு வாரம் குத்தினாலும் மசியாது.) தூளைப் புகழ்வதற்கு முன் அழுக்குக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. பாழான சீருடையைக் கண்டு திட்ட வாயெடுத்த என் அம்மா, பாதியில் நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.