பின்பாரம் தூக்கும் சி8: ஈகியூ6-ஆர் மவுண்டில் நீண்டநாள் பயன்பாடு

மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பும். வான்பொருட்களைப் படமெடுக்க, ஈகியூ6-ஆர் மவுண்டில் (வானின் நகர்வுக்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் தாங்கி) ஏற்றிய செலஸ்ட்ரான் சி8 தொலைநோக்கியின் பின்னால் கேமராவைக் கோர்த்ததும் நடப்பது அதுவேதான். குழாய் மட்டும் சுமார் 5.7 கிலோ, நீளம் 43 செ.மீ. கனமான முதன்மை ஆடி இருப்பதும் பின்முனையில். அதற்கும் பின்னால் குவியத் தூரத்தைக் குறைக்கும் எஃப்/6.3 ரெட்யூசர், அங்கிருந்து சென்சார் வரை 105 மி.மீ. இடைவெளியை நிரப்பும் ஆஃப்-ஆக்சிஸ் கைடர் (ஒரு விண்மீனைக் கவனித்து மவுண்டின் நகர்வைத் திருத்த உதவுவது), வடிகட்டிகளை மாற்றும் ஃபில்டர் வீல், குளிரூட்டும் கேமரா என இன்னும் ஒன்றரைக் கிலோ சேர்கிறது. குட்டைக் குழாய் என்பதால் முன்பக்கம் ஈடுகட்ட நீளமும் இல்லை.

அச்சைப் பூட்டும் கிளட்சை இறுக்கிவிட்டால் மோட்டார் தாங்கிக்கொள்ளும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தாங்கும்தான். ஆனால் குழாய் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது முழுப் பாரமும் டெக் அச்சின் (குழாயை வடக்கு-தெற்காகத் திருப்பும் அச்சு) வார்ம் கியரை (திருகுப் பற்சக்கரம்) ஒரு பக்கமாக அழுத்துகிறது. உச்சியை நெருங்க நெருங்க அந்த அழுத்தம் குறைந்து, கியர் பற்களுக்கு நடுவே மிதக்கத் தொடங்குகிறது. முன்னிரவில் ஒழுங்காகப் போன கைடிங் வரைபடம் (விண்மீனைப் பின்தொடர்வதில் வரும் பிழையைக் காட்டுவது) நள்ளிரவில் டெக் கோட்டில் மட்டும் அலைய ஆரம்பித்தால், மென்பொருளைத் தொடுவதற்கு முன் சமநிலையைப் பாருங்கள். பேக்லாஷைச் (கியர் பற்களுக்கு இடையிலான தளர்வு) சமாளிக்க டெக் அச்சில் வேண்டுமென்றே கொஞ்சம் பாரம் விட்டுவைக்கும் பழக்கமும் இதனால்தான் உச்சி வானில் கைகொடுப்பதில்லை.

கையால் தடவிப் பார்த்துச் சமன் செய்வதைவிட, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று போதும், வேலை பாதியாகிவிடும். எதிர் எடைத் தண்டைக் கிடைமட்டமாக்கி ஆர்.ஏ. (கிழக்கு-மேற்காகத் திருப்பும் அச்சு) கிளட்சை இறுக்குங்கள். குழாயைக் கிடையாக வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு டெக் கிளட்சை மெல்லத் தளர்த்துங்கள். பின்முனையில் தராசைக் கொக்கியிட்டு, குழாய் மட்டமாக நிற்கும் அளவுக்குத் தூக்குங்கள். டெக் அச்சிலிருந்து 22 செ.மீ. பின்னால் தராசு 1.6 கிலோ காட்டினால், மிகைப் பாரம் 22 × 1.6, அதாவது சுமார் 35 கிலோ-செ.மீ. மொத்தச் சுமை 8 கிலோ என்றால் 35-ஐ 8-ஆல் வகுக்க வருவது 4.4. குழாயை அத்தனை செ.மீ. முன்னால் தள்ள வேண்டும்.

சிக்கல் இங்கேதான். சி8-உடன் வரும் டவ்டெயில் பட்டை (குழாயை மவுண்டில் பொருத்தும் பட்டை) குழாயின் முன், பின் முனைகளிலுள்ள உலோக வார்ப்புகளுக்கு இடையே முடிந்துவிடுகிறது. முன்னால் தள்ளினால், பட்டையைக் கவ்வும் சாடில் சீக்கிரமே பின் வார்ப்பில் முட்டிவிடும். 2 செ.மீ. மட்டுமே நகர்ந்தது என்று வைத்துக்கொண்டால் 16 கிலோ-செ.மீ. தீர்ந்தது, 19 மிச்சம். அச்சுக்கு 24 செ.மீ. முன்னால் 800 கிராம் வைத்தால் அது தீரும். பாதித் தூரத்தில், 12 செ.மீ.-இல், 1.6 கிலோ வேண்டும். ஆகவே எடையை முன்விளிம்பில் கட்டுவதே சரி.

ஆனாலும் எடை கட்டுவது கடைசி வழியாகவே இருக்கட்டும். பின் வார்ப்பைத் தாண்டி நீளும் பட்டை கிடைத்தால் அதுதான் நிரந்தரத் தீர்வு. கேமரா அந்த நீட்டலில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பனி மறைப்பும் ஹீட்டர் பட்டையும் எப்படியும் முன்னால் வரவேண்டியவை, அவை இலவச எதிர்பாரம். மின்சாரத்தைப் பங்கிடும் பவர் பாக்ஸையும் பின்னாலிருந்து முன்னுக்கு மாற்றலாம். கேபிள்களைக் கேமராவிலிருந்து தொங்கவிடாமல் சாடில் அருகே கட்டிவிட்டு அங்கிருந்து இறக்கினால், குழாய் திரும்பத் திரும்பப் பாரம் மாறுவது நிற்கும்.

காந்த எடை வாங்கிவிடாதீர்கள். சி8-இன் குழாய் அலுமினியம், ஒட்டாது. மணல் நிரப்பிய கணுக்கால் பயிற்சி எடை நன்றாகச் சுற்றிக்கொள்ளும், ஆனால் பனியில் நனைந்து நனைந்து அதன் ஒட்டுப்பட்டை பிடிப்பை இழந்துவிடுகிறது. குழாயின் மேலே பொருத்திய பட்டையில் நகரும் எடைதான் நெடுநாள் உழைப்பது. அதன் திருகு தளர்ந்தால் குழாய் உச்சியைப் பார்க்கும்போது எடை சரசரவென்று பின்னால் வழுக்கி இறங்கும். அதற்குப் பின்னால் ஒரு தடுப்புத் திருகு கட்டாயம் வேண்டும்.

அடுத்த சோதனையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி டெக் கிளட்சை விடுங்கள். கிடையாகச் சமனாக நின்ற குழாய் இப்போது ஒரு பக்கம் சாய்ந்தால், அது பக்கவாட்டுப் பாரம். இலக்கைத் தேட உதவும் ஃபைண்டரும், மையத்தை விட்டு ஒதுங்கி நிற்கும் ஃபில்டர் வீலும்தான் காரணம். வீலின் புடைப்பு ஃபைண்டருக்கு எதிர்ப்பக்கம் வருமாறு திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டெக் முடிந்த பிறகே ஆர்.ஏ. டெக்கில் பாரம் மிச்சமிருந்தால், குழாய் திரும்பும் கோணத்துக்கேற்ப ஆர்.ஏ. சமநிலையும் மாறிக்கொண்டே இருக்கும். ஈகியூ6-ஆர் உடன் வரும் இரண்டு 5 கிலோ எடைகளில் ஒன்றைத் தண்டின் நுனியில் மாட்டுவதைவிட இரண்டையும் உள்ளே தள்ளி மாட்டுவது நல்லது. 5 கிலோ 50 செ.மீ.-இல் தரும் திருப்பத்தை 10 கிலோ 25 செ.மீ.-இலேயே தரும், சுழல் நிலைமமோ பாதிதான். சென்னை போல 13° அட்சரேகையில் துருவ அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். அங்கே எடை முக்காலியின் காலில் இடிக்காமல் இருக்கவும் இது உதவும்.

ஆர்.ஏ.-இல் கிழக்குப் பக்கம் இம்மியளவு கூடுதல் பாரம் வேண்டும். அப்போதுதான் கியர் ஒரே பக்கம் பதிந்து ஓடும். பொருள் கிழக்கு வானில் இருக்கும்போது எடைகளும் கிழக்கே இருக்கும். சமன் புள்ளியிலிருந்து 5 முதல் 10 மி.மீ. வெளியே தள்ளினால் போதும். மெரிடியன் ஃப்ளிப் ஆனதும் (பொருள் உச்சிக்கோட்டைக் கடந்தபின் குழாய் மவுண்டின் மறுபக்கம் மாறுவது) சமன் புள்ளியிலிருந்து அதே அளவு உள்ளே.

இத்தனையையும் லென்ஸ் மூடியைக் கழற்றி, கேமராவை ஃபோகஸில் வைத்து, கேபிள் எல்லாம் மாட்டிய பிறகே செய்ய வேண்டும். குளிரில் கிரீஸ் இறுகியிருந்தால் அசையாமல் நிற்பதைச் சமன் என்று நம்பக் கூடாது. ஒரு விரலால் இரு திசையிலும் தள்ளிப் பாருங்கள், எதிர்ப்பு ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

சரியான இடம் கிடைத்ததும் பட்டையில் சாடில் விளிம்புக்கு நேராக ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். முனை நேரடியாகக் குத்தும் திருகு உள்ள சாடில்களில் நாளடைவில் அலுமினியப் பட்டையில் குழி விழும். பிறகு 3 மி.மீ. நகர்த்தி இறுக்கினாலும் திருகு பழைய குழிக்கே இழுத்துக்கொண்டு போகும். தாடை போல முழு நீளமும் கவ்வும் சாடிலுக்கு மாறுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். மாட்டும்போது எதிர் எடை முதலில், குழாய் பிறகு. கழற்றும்போது குழாய் முதலில்.